நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

எந்த ஆல்பத்தையும் மூன்று முறை கேட்காமல் ஜெயப்ரியா அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டாள். முதல் முறை சமையல் செய்துகொண்டே, காதை அதன் போக்கில் விட்டுவிட்டு. இரண்டாம் முறை கண்ணை மூடி உட்கார்ந்து. மூன்றாம் முறை அறைக்குள் நடந்தபடி, எங்கே சலிக்கிறது, எங்கே கால் தானாக வேகம் பிடிக்கிறது என்று கவனித்துக்கொண்டு. தொழிற்சாலையில் கியர்பாக்ஸைச் சோதிப்பதும் இப்படித்தான். சுமையில்லாமல் ஒரு ஓட்டம், சுமை ஏற்றி ஒரு ஓட்டம், பின்னோக்கி ஒரு ஓட்டம். ஓசூர் சிப்காட்டில், நாலு சுவரிலும் பஞ்சுப் பலகை பதித்த சின்ன அறைக்குள் உட்கார்ந்து, ஓடுகிற கியர்பாக்ஸைக் காதால் கேட்டுப் பச்சை அட்டையோ சிவப்பு அட்டையோ கட்டி அனுப்புவதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை.

முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு பாகலூர் சாலை வீட்டுக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகான நேரம் அவளுடையது. புதிதாக வந்த மெட்டல், பங்க் ஆல்பங்களைக் கேட்டு, தன் கருத்தைத் தமிழில் எழுதி, 'சத்த அறை' என்ற வலைப்பதிவில் போடுவாள். எட்டு வருடமாகப் போடுகிறாள். பெயர் போட்டதில்லை. மூவாயிரம் பேர் வாசிக்கிறார்கள். எல்லோரும் அவளை ஓர் ஆண் என்றே நினைத்து 'தல', 'ப்ரோ' என்று பதில் எழுதுகிறார்கள். அவளும் திருத்தியதில்லை.

அந்தச் சத்தம் அவளுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாமல்பட்டியிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் நாலு வருடம் அவள் ப்ரஸ் ஷாப்பில் இருந்தாள். தகட்டை அடித்து வளைக்கிற இயந்திரங்கள். ஷிப்ட் முடிந்து படுத்தாலும் அடி காதுக்குள் விழுந்துகொண்டே இருக்கும். யாரோ ஒரு நாள் கைபேசியில் ஒரு மெட்டல் பாட்டைப் போட்டுக் காட்டிச் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இயந்திரம் வேண்டுமென்று சத்தம் போடுவதில்லை, இவர்கள் வேண்டுமென்றே போடுகிறார்கள் என்று தோன்றியது. அந்த ஒன்றே ஆறுதலாக இருந்தது.

அவளுடைய கருத்துகளுக்கு ஒரு மதிப்பு இருந்தது. சுற்றி வளைக்கமாட்டாள். மணிலாவிலிருந்து வந்த ஒரு பங்க் ஆல்பம், பதினோரு நிமிடத்தில் ஒன்பது பாட்டு. 'கோபம் நிஜம். ஆனால் ஒன்பது பாட்டிலும் ஒரே ஆளிடம் கோபம்' என்று எழுதினாள். பாட்டுக்குப் பதினாலு நிமிடம் எடுத்துக்கொண்ட ஒரு போலந்துக் குழுவைப் பற்றி, 'முதல் நான்கு நிமிடம் கதவைத் தேடுகிறார்கள். திறந்த பிறகு உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது' என்றாள்.

ஆனி மாதத்தில் 'கிரஷர்' என்ற உள்ளூர்க் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. பாகலூர்ப் பிள்ளைகள் மூன்று பேர். பாடுகிறவன் ஹரீஷ்குமார், கிட்டார் நவீன்குமார், டிரம்ஸும் சிம்பல் என்கிற தாளத்தட்டும் லாவண்யா. லாவண்யா ஜெயப்ரியாவின் கம்பெனியிலேயே அசெம்ப்ளி லைனில் ட்ரெய்னி. கம்பெனிப் பேருந்தில் அவள் பக்கத்தில்தான் உட்காருவாள், ஏனென்றால் அந்தப் பேருந்தில் இந்தச் சத்தத்தைக் கேட்கிற இன்னொரு ஆள் ஜெயப்ரியா மட்டும்தான். கேட்பாள் என்றுதான் லாவண்யாவுக்குத் தெரியும், எழுதுவாள் என்று தெரியாது.

தெரிந்தவள் என்பதற்காக ஜெயப்ரியா எதற்கும் பச்சை அட்டை கட்டியதில்லை. மூன்று முறை கேட்டாள். எழுதினாள். 'குரல் நன்று. கிட்டார் கல்லுடைப்பது போலவே கடிக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வரியில் முட்டிக்கொள்வது இந்த ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் வரும். ஆனால் சிம்பல்? ஈரச் சாக்கு போட்டு மூடிய தட்டு. மேல் ஸ்தாயி செத்துக் கிடக்கிறது. இதை இப்படியே வெளியே விட்டவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே கேட்கவில்லை.'

மறுநாள் பேருந்தில் லாவண்யா கைபேசியை நீட்டினாள்.

"அக்கா, இத பாத்தீங்களா? சத்த அறைக்காரன் எங்கள கிழிச்சித் தொங்க விட்டிருக்கான்."

"என்னவாம்?" என்றாள் ஜெயப்ரியா.

"ஈரச் சாக்காம். என் சிம்பலு ஈரச் சாக்காம்."

முன் இருக்கையிலிருந்து பவளம் திரும்பினாள். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி. ஜெயப்ரியாவுடன் ஒரே வீட்டில் வாடகையைப் பகிர்ந்து குடியிருப்பவள். "எவம்ட்டி அவன்? சாக்கு யாவாரியா?"

"சிரிக்காதீங்கக்கா. பெரிய ஆளு. அவன் நல்லாருக்குதுன்னா பெங்களூர்ல இருந்து கூப்பிடுவாங்க. நாங்க மூணு பேரும் கேட்டப்போ சரியாத்தான் இருந்துச்சி. அவன் காது பொய் சொல்லாதுன்னு ஹரீஷ் ஒத்தக் கால்ல நிக்கிறான். ஆல்பத்த நெட்டுல இருந்து எடுத்துட்டோம். சிம்பல மறுபடி மிக்ஸ் பண்ணிட்டுத்தான் போடணுமாம்."

"உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"எனக்கா? ஜில்லுனு கேட்டுச்சி." லாவண்யா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நான் அடிச்சது எனக்கு நல்லாத்தானே கேக்கும். அத வெச்சி என்னா சொல்றது."

ஜெயப்ரியாவின் ஒரு வரிக்கு ஒரு குழு தன் வேலையையே திரும்பச் செய்கிறது என்பதில் உள்ளே எங்கோ ஒரு சின்ன நிறைவு இருந்தது. அந்த நிறைவை அவள் பிறகு பலமுறை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனிக்கு மருத்துவ வேன் வந்தது. வருடா வருடம் வருவதுதான். ரத்தம், கண், நெஞ்சு, காது. காதுச் சோதனைக்கு வேனுக்குள் ஒரு பெட்டி மாதிரி அறை. ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அவள் எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள். இந்த வருடம் புதிதாக மணிமேகலை என்ற பெண் வந்திருந்தாள்.

"ஏங்க, அவசரப்படாதீங்க. கேட்டா மட்டும் அமுத்துங்க" என்றாள் மணிமேகலை, கண்ணாடிக்கு வெளியிலிருந்து.

"கேட்டுத்தான் அமுத்துறேன்."

"இல்லீங்களே. நான் சத்தமே குடுக்காதப்ப மூணு தடவ அமுத்திட்டீங்க."

ஜெயப்ரியாவின் கட்டைவிரல் பொத்தான் மேல் நின்றுவிட்டது. முன்பிருந்தவர்கள் ஒரே இடைவெளி விட்டுச் சத்தம் கொடுப்பார்கள். தாளம் பழகியவளுக்கு அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியும். இந்தப் பெண் ஒழுங்கில்லாமல் கொடுக்கிறாள். அப்படியானால் இத்தனை வருடமும் கேட்டு அழுத்தினாளா, எண்ணி அழுத்தினாளா? ஏமாற்ற நினைத்ததில்லை என்பது உண்மை. தெரியவே தெரியாது என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

டாக்டர் சௌந்தரராஜன் வரைபடத்தை மேஜைமேல் திருப்பி வைத்தார். நேராக வந்த கோடு ஓரிடத்தில் குழியில் விழுந்து மறுபடி ஏறியிருந்தது.

"நாலாயிரம் ஹெர்ட்ஸ்ல பள்ளம். ரெண்டு காதுலயும். இடது ஜாஸ்தி. ப்ரஸ் ஷாப்ல இருந்தீங்களாம்மா?"

"நாலு வருஷம் சார்."

"காதடைப்பான் போட்டீங்களா?"

"கழுத்துல தொங்கும் சார். போட்டா எதுத்தாப்புல நிக்கிறவங்க கூப்பிடறது கேக்காது. கை மாட்டிக்கும்."

"ஹெட்போன்ல பாட்டு?"

"கொஞ்சம்" என்றாள். கொஞ்சம் என்பது எட்டு வருடம், தினம் மூன்று மணி நேரம். பிடித்ததும் பிடிக்காததும் சேர்ந்து குழி தோண்டியிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. பேச்சு கேக்கும். உங்க கியர் சத்தமெல்லாம் பெரும்பாலும் இதுக்குக் கீழதான். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். அதுவரைக்கும் ரூம்ல உங்களோட இன்னொருத்தர் உக்காருவாங்க."

"இந்தக் குழியில என்ன சார் விழும்?"

"குருவிச் சத்தம். வாஷிங் மெஷின் முடிஞ்சா கத்துமே, அது. தாளத்தட்டு இருக்குதில்ல? அடி கேக்கும், அதுக்கப்புறம் ஜிலுஜிலுன்னு ஒண்ணு நிக்குமே, அது கேக்காது."

அவள் வரைபடத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். வேலையைப் பற்றி அவள் அப்போது நினைக்கவில்லை. ஈரச் சாக்கு என்ற வார்த்தையைத்தான் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பதிவுகளைத் திறந்தாள். கேஜ் ஒன்று தவறாக அளக்கிறது என்று தெரிந்தால் தொழிற்சாலையில் அதற்கு ஒரு முறை உண்டு. கேஜில் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கினால் மட்டும் போதாது. கடைசியாக எந்தத் தேதியில் அது சரியாக இருந்தது என்று பார்த்து, அதற்குப் பிறகு அது அளந்த ஒவ்வொரு பொருளையும் நிறுத்திவைக்க வேண்டும். லாரி ஏறிப் போனதையும் திருப்பிக் கூப்பிட வேண்டும். யார் மேலும் கோபப்பட்டுச் செய்வதல்ல, அது வழக்கம்.

ஆனால் காது எந்தத் தேதி வரை சரியாக இருந்தது? வேன் சான்றிதழ்களை நம்ப முடியாது. அவை அவளுடைய எண்ணிக்கைத் திறமைக்குக் கொடுத்தவை.

2019-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றில் அவளே எழுதியிருந்தாள்: 'சிம்பல் மேல் மணலைத் தூவியது போல. ஒவ்வொரு மணலும் தனித்தனியாக விழுகிறது.' அந்தப் பாட்டைத் தேடிப் போட்டாள். ஒலியைக் கூட்டினாள். தட்டில் குச்சி படுவது கேட்டது. மணல் விழவில்லை. மறுபடி போட்டாள். கைக்குட்டையால் ஹெட்போனைத் துடைத்து, மறுபடி போட்டாள். பாட்டு அப்படியேதான் இருக்கிறது, ஆறு வருடமாக அதே இடத்தில் அந்த மணல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்று தோன்றியபோது கண் கலங்கியது.

பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு வாசித்தாள். மணல், மினுக்கம், சீறல், சில்லு என்று அவள் பதிவுகளில் அடிக்கடி வந்துகொண்டிருந்த வார்த்தைகள் ஒரு கட்டத்தில் குறைந்தன. 2021 மார்ச்சில் கடைசியாக ஒரு 'சீறல்'. அதற்குப் பிறகு இல்லை. அதற்குப் பதிலாக வேறு வார்த்தைகள் வந்திருந்தன. மங்கல். மொண்ணை. அடைப்பு. 'இப்போது வருகிற ஆல்பங்களில் பளபளப்பே இல்லை, யாரும் கவனமாக ஒலிப்பதிவு செய்வதில்லை' என்று நீளமாக ஒரு கட்டுரைகூட எழுதி, அதற்கு நூற்றைம்பது பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். உலகம் மங்கிப் போனது என்றுதான் நாலு வருடமாக நம்பியிருக்கிறாள். அதைக் கறாரான ரசனை என்று வேறு நினைத்திருக்கிறாள்.

எண்ணிப் பார்த்தாள். மார்ச்சுக்குப் பிறகு ஐம்பத்தெட்டு ஆல்பங்கள்.

"ஏட்டி, மிஷினு கால் மணி நேரமாக் கத்துது" என்று உள்ளே வந்தாள் பவளம். "துணிய எடுக்கணும்னு தோணலியா ஒனக்கு? செவிடி."

தினமும் சொல்கிற கேலிதான். ஜெயப்ரியா எழுந்துபோய்த் துணியை எடுத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. பேருந்தில் லாவண்யா ஹெட்போனை அவளிடம் நீட்டினாள். "புது மிக்ஸுக்கா. ஞாயித்துக்கெழம போடறோம். மொதல்ல நீங்க கேளுங்க."

ஜெயப்ரியா மாட்டிக்கொண்டாள். முதல் அடியிலேயே முதுகு நிமிர்ந்தது. மணல் விழுந்தது. தட்டு அதிர்ந்து, மினுங்கி, மெல்ல அடங்கியது. எத்தனை வருடமாயிற்று. பேருந்து ஜன்னலுக்கு வெளியே ரவுண்டானாவில் லாரிகள் நின்றன, கர்நாடகப் பதிவு வண்டி ஒன்று திரும்பியது, அவள் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

"எப்டிக்கா?"

"நல்லா இருக்குது" என்றாள். அது உண்மை. அதைவிட நன்றாக ஒன்றை அவள் கேட்டதில்லை.

"எங்க, எங்கிட்ட கொண்டா" என்று பவளம் பின்னால் கைநீட்டி வாங்கிக் காதில் வைத்தாள். வைத்த வேகத்தில் பிடுங்கினாள். "அய்யய்யோ! பல்லு கூசுது. என்னட்டி இது, சிலேட்டுல ஆணிய வச்சுக் கீறுதாப்ல?"

ஜெயப்ரியா லாவண்யாவைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் அப்டித்தான்க்கா இருக்குது" என்றாள் லாவண்யா தணிந்த குரலில். "அஞ்சி நிமிஷம் கேட்டா தல வலிக்குது. ஆனா அவன் சொன்ன மாதிரி ஏத்திட்டோம்ல. இனிமே கொற சொல்ல மாட்டான்."

உலகத்திலேயே இந்த ஒரு ஜோடிக் காதுக்கென்று மூன்று பேர் மூன்று வாரம் உட்கார்ந்து ஓர் ஆல்பத்தைச் செய்திருக்கிறார்கள். மற்ற எல்லோருக்கும் அது வலிக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை அது வெளியே வரும். பாராட்டி ஒரு பதிவு எழுதலாம். அந்த மணல் தினமும் அவளுக்குக் கிடைக்கும். மக்களுக்குப் பிடிக்காமல் போனால் பழி கிரஷருக்கு. இதையெல்லாம் அவள் நிதானமாகவே நினைத்தாள். அப்படி நினைக்க முடிகிறது என்பது அவளைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணித் தேநீர் இடைவேளையில் கேண்டீனில் லாவண்யாவின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"லாவண்யா, சத்த அறை எழுதுறது நான்தான்."

"சும்னெ இருங்கக்கா, காலங்காத்தால." லாவண்யா சிரித்தாள். பிறகு ஜெயப்ரியாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டாள்.

ஜெயப்ரியா மடித்த தாளைப் பிரித்து டம்ளர்களுக்கு நடுவில் வைத்தாள்.

"இது என்னாது?"

"என் காது. இந்தப் பள்ளத்துலதான் உன் சிம்பல் விழுந்துடுச்சு. உன் ஆல்பம் மொதல்ல இருந்ததே சரி. சாக்கு என் காதுலதான் இருக்குது. புதன்கெழமதான் எனக்கே தெரிஞ்சது. பழசையே போடு."

லாவண்யா தாளைத் தன் பக்கம் திருப்பினாள். "மூணு வாரம்க்கா. ஷிப்ட் முடிச்சிட்டு தெனம் போயி உக்காந்தோம். நவீன் வெறுத்துப்போயி கிட்டாரத் தொட மாட்டேன்னுட்டான். என் கையி மேலயே எனக்கு சந்தேகம் வந்துடுச்சி."

"தெரியும்."

"காது போறதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க. எங்கம்மாவுக்கும்தான் கேக்கல. ஆனா பக்கத்துலயே உக்காந்துட்டு 'என்னவாம்'னு கேட்டீங்களே. உங்க எழுத்த எங்கிட்டயே கேட்டீங்களே. அதுதான்க்கா எனக்கு ஆவல."

லாவண்யா தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனாள். அன்று மாலைப் பேருந்தில் டிரைவருக்குப் பின்னால், தனி இருக்கையில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து ஜெயப்ரியா எழுதினாள். வழக்கம்போல மூன்று முறை யோசித்து, சுற்றி வளைக்காமல். 'சத்த அறையை எழுதுபவளின் காதுகளில் நாலாயிரம் ஹெர்ட்ஸில் பள்ளம் இருக்கிறது. 2021 மார்ச்சுக்குப் பிறகு சிம்பல் பற்றியும் மேல் ஸ்தாயி பற்றியும் இங்கே சொன்ன எதையும் நம்ப வேண்டாம். ஐம்பத்தெட்டு ஆல்பங்களின் மேலும் நிறுத்திவைப்பு அட்டை கட்டியிருக்கிறேன். கிரஷர் தங்கள் வேலையைத் தாங்கள் கேட்கவில்லை என்று எழுதினேன். கேட்காதது நான்.' பிறகு ஐம்பத்தெட்டுப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, தலைப்பில் 'நிறுத்திவைப்பு' என்று சேர்த்தாள். முடிக்கும்போது ஆறரை ஆகியிருந்தது.

பதில்கள் வந்தன. 'அப்போ இத்தனை நாள் எங்களுக்கும் பளபளப்பு இல்லன்னு தோணுச்சே, அது என்ன தல?' என்று ஒருவர். 'நீங்க பொம்பளையா??' என்று பத்துப் பேர். அவள் யாருக்கும் பதில் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரஷரின் ஆல்பம் வந்தது. பழைய மிக்ஸ். லாவண்யா அவளுக்குச் சொல்லவில்லை, தானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"பவளக்கா, ஒரு ஒத்தாச பண்ணு" என்றாள். "ஹெட்போன்ல இந்தப் பக்கம் நீ மாட்டிக்க, அந்தப் பக்கம் நான். தட்டு ஜிலுஜிலுன்னு கேக்கறப்பெல்லாம் மேஜமேல வெரல வெச்சுத் தட்டு, அது அடங்கற வரைக்கும் எடுக்காத."

"இந்த எழவயா? முப்பத்தஞ்சு நிமிசமா?"

"பிரியாணி வாங்கித் தரேன்."

பவளம் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. அவள் சுட்டுவிரல் மேஜையில் விழுந்தது. ஜெயப்ரியா தன் காதில் மொண்ணையான அடியைக் கேட்டு, கண்ணால் பவளத்தின் விரலைப் பார்த்தாள். "இந்தா. இந்தா. அந்தா, இப்ப ரெண்டு. இது ரொம்ப நேரம் நிக்குதுட்டி, வெரல எடுக்க முடியல" என்றாள் பவளம். ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு நீளம் என்று விரல் சொல்லிக்கொண்டே போனது. ஜெயப்ரியா நோட்டில் குறித்தாள்.

மூன்றாவது பாட்டில், எல்லா வாத்தியங்களும் ஏறி ஏறி வந்து உச்சியைத் தொடுகிற இடம். அங்கே சிம்பல் விழும். எந்தப் பாட்டிலும் விழும். ஜெயப்ரியாவின் விரல் தானாக மேஜையில் விழுந்தது. பவளத்தின் விரல் மேலேயே நின்றது.

"தட்டலியேக்கா."

"அங்க இல்லட்டி. அவ அடிக்கல." பவளம் கண்ணைச் சுருக்கிக் கவனித்தாள். "சும்மா விட்டுட்டா. கைய ஓங்கி நிறுத்துன மாரி இருக்கு."

முதல் முறை கேட்டபோது, இரண்டாம் முறை கண்ணை மூடிக் கேட்டபோது, மூன்றாம் முறை நடந்தபடி கேட்டபோது, அந்த இடத்தில் ஒரு மங்கலான சிம்பலை ஜெயப்ரியா கேட்டிருந்தாள். இல்லாத சிம்பலைத் தானே அடித்து, அது மங்கல் என்று தானே குறையும் சொல்லியிருந்தாள்.

பாட்டை அரை நிமிடம் பின்னுக்குத் தள்ளினாள். "இன்னொரு தடவ" என்றாள். இந்த முறை தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.